பதினொரு முறை அணைத்தவர்

"எல்லாம் சரியா இருக்கு டீச்சர். படம் மட்டும் வரலை."

சொன்னவர் அமிர்தகடேசன். ஐம்பத்திரண்டு வயது. மயிலாடுதுறைக்கு வெளியே ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் இரவு ஷிஃப்டில் ஜெனரேட்டர் பார்க்கிறார். கையில் நாலு தாள். கண்ணில் மூன்று நாள் தூக்கம் பாக்கி.

கேட்டுக்கொண்டிருந்தவர் தில்ஷாத் பேகம். முப்பத்து மூன்று வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் ஊருக்கே டீச்சர். பேச்சில் படு சிக்கனம். அவரிடம் பதில் வாங்குவதைவிட ரேஷன் கடையில் பாமாயில் வாங்குவது சுலபம் என்று கீழே டீக்கடையில் சொல்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடேசன் முதல் தடவை இந்த மாடி ஏறியபோது, லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்டார்.

டீச்சர் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். வெள்ளை எழுத்துகள் ஓடின.

"இது பேசிக்கிட்டேதான் இருக்குண்ணே. யாரும் படிக்கிறதில்லை."

அவ்வளவுதான் பாடம்.

அன்றிலிருந்து கடேசன் படித்தார். வேலைக்கு நடுவில், கரண்ட் இருக்கும் இரவுகளில், பால் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். புரியாததைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். டீச்சர் பாதி வாக்கியம் சொல்வார். சில நாள் அதுவும் இல்லை. தலையை ஆட்டுவார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று கடேசன் மாடிப்படியில் இறங்கும்போது யோசிப்பார்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்றரை.

ஐந்தரைக்கு அந்த நிகழ்ச்சி.

அது ஒரு சின்னச் சேனல். விவசாயம் தவிர வேறெதுவும் காட்டாது. ஊர்க் கேபிளில் கிடையாது. சொந்தமாக டிஷ் வைத்து வானத்திலிருந்து இறக்கினால்தான் உண்டு. அவர்கள் பெட்டியில் கிடந்த பழைய வீடியோ நாடாக்களை எல்லாம் தூசி தட்டி ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் திருவெண்காடு பக்கம் ஒரு விதைப் பண்ணையில் எடுத்த படம் இன்று. நடவு நடும் பெண்களிடம் பேட்டி.

அதில் ஒருத்தி தையல்நாயகி.

அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிறகு கடேசனைக் கட்டிக்கொண்டாள். சண்டை வந்தால், "டிவில வந்தவ நான், மரியாதையா பேசுங்க" என்பாள். ஆனால் அவளும் அதைப் பார்த்ததில்லை. ஒளிபரப்பான அன்று ஊர்ப் பொது டிவி ரிப்பேரில் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். நுரையீரல்.

கடேசன் சேனலுக்குக் கடிதம் போட்டு நாள், நேரம் வாங்கினார். ஒரு தடவைதான், மறு ஒளிபரப்பு இல்லை என்று பதிலில் எழுதியிருந்தார்கள். ஒரு சாதாரண செட்டாப் பாக்ஸை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுப் போயேன், எதற்கு இந்தக் கம்ப்யூட்டர் கூத்து என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள்.

பார்த்தால் போதாது. பிடித்து வைக்க வேண்டும்.

அதனால் கம்ப்யூட்டருக்கு உள்ளே சொருகும் ஒரு டிவி கார்டு வாங்கினார். மொட்டை மாடியில் டிஷ் வைத்தார். டிரைவரைத் தேடிப் பிடித்து ஏற்றினார். டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் கார்டுக்கும் நடுவே நின்று பேசும் ஆள். அதற்கு மேல் இன்னொன்று வேண்டும், ஃபர்ம்வேர் என்கிற ஃபைல். அந்தக் கார்டுக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு தடவை உயிர் வரும்போதும் ஒன்றும் தெரியாமல் பிறக்கிறது. டிரைவர்தான் அந்த ஃபைலை அதன் காதில் ஓதி, நீ யார், உன் வேலை என்ன என்று சொல்ல வேண்டும்.

இதைப் படித்த அன்று கடேசன் அதைத் தாளில் இரண்டு தடவை எழுதினார்.

"தாளைக் குடுங்கண்ணே" என்றார் டீச்சர்.

கம்ப்யூட்டர் கிளம்பும்போது பேசியதையெல்லாம் கடேசன் அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார். டீச்சர் நாலு தாளையும் படித்தார். மூன்றாம் தாளில் ஒரு வரிக்குக் கீழே நகத்தை வைத்தார்.

கார்டு சூடான நிலையில் இருக்கிறது என்பது அந்த வரி.

"அது நல்ல வரிதானே டீச்சர்? சூடா இருந்தா ஃபர்ம்வேர் உள்ள போயிருச்சு, தயார்னு அர்த்தம்."

"சூடு பண்ணினது யாரு?"

கடேசன் விழித்தார். பிறகு சொன்னார். கார்டு வந்த முதல் வாரம் யாரோ எழுதியிருந்ததை நம்பி ஒரு ஃபைலைப் போட்டார். அது இதே மாதிரிப் பேருள்ள வேறு கார்டுக்கானது. படம் வரவில்லை. தப்பு தெரிந்ததும் அதை அழித்துவிட்டுச் சரியான ஃபைலை வைத்தார். அப்புறமும் வரவில்லை.

"நீங்க அழிச்சிட்டீங்க" என்றார் டீச்சர். "கார்டு மறந்துச்சா?"

கடேசன் தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியை மறுபடி படித்தார்.

"அதுக்கப்புறம் எத்தனை தடவை அணைச்சுப் போட்டீங்க?"

"பதினொரு தடவை. எழுதி வச்சிருக்கேன்."

"அணைஞ்சுதா?"

இது என்ன கேள்வி என்று கடேசனுக்கு எரிச்சல் வந்தது. அணைத்தால் அணையாமல் என்ன செய்யும்? ஆனால் இரண்டு வருஷத்தில் இந்த அம்மாள் ஒரு வார்த்தையை வீணாகச் சொல்லி அவர் கேட்டதில்லை.

டீச்சர் எழுந்தார். ஷட்டரை இழுத்தார். பட்டப்பகலில் அந்தக் கடை மூடியதைக் கீழே டீக்கடைக்காரர் அன்றைக்குத்தான் பார்த்தார். கிளாஸைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ஒரு சரக்கு ரயில், இன்னொரு சரக்கு ரயில். கடேசனின் வீட்டுக்குப் போய்ச் சேர மணி நாலே முக்கால்.

முன்னறையில் மேஜை. அதன்மேல் கம்ப்யூட்டர், பக்கவாட்டு மூடி கழற்றியபடி. மேஜைக்குக் கீழே ஓர் இன்வெர்ட்டர், இரண்டு பெரிய பேட்டரி. இன்வெர்ட்டர் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டிருந்தது. கடேசனுக்கு அந்தச் சத்தம் கேட்டு வருஷக்கணக்காகிறது. சுவர் மாதிரி, காற்று மாதிரி அது அங்கே இருந்தது.

டீச்சர் டிவி மென்பொருளைத் திறந்து பார்த்தார். சிக்னல் அளவு பூஜ்யம். மொட்டை மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பார்த்தார். தொடவில்லை. மேலே ஆகாயத்தை ஒரு தடவை பார்த்தார்.

"வந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

கடேசனும் அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒரு கொக்கு வயல் பக்கம் போயிற்று.

செயற்கைக்கோள் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து சிக்னல் விழுந்துகொண்டே இருக்கிறது என்று படித்திருக்கிறார். இந்த மாடியில், எதிர்வீட்டு ஓட்டில், கொக்கின் முதுகில், அவர் தலையில். வாங்க ஆள் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் தையல்நாயகியும் அப்படித்தான் விழுவாள். ஊர் முழுக்க, வயல் முழுக்க, ஒருத்தருக்கும் தெரியாமல். ஐந்தரைக்கு ஆரம்பித்து ஆறு மணிக்குள் விழுந்து முடிந்துவிடுவாள்.

அவர் மணியைப் பார்த்துக்கொண்டே படி இறங்கினார்.

கீழே வந்ததும் டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்தார். திரை இருண்டது. விசிறி நின்றது. திறந்திருந்த பெட்டிக்குள் விரலை நீட்டிக் காட்டினார்.

மதர்போர்டு பலகையின் மூலையில் கடுகளவு ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கடேசன் அதைத் தினமும் பார்த்திருக்கிறார். பார்த்ததே இல்லை.

"வயரை எடுங்கண்ணே."

"எடுக்க முடியாது டீச்சர்."

டீச்சர் குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். மின்சார வயர் சொருகும் இடத்தில் பசை கல்லாக இறுகியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த சின்ன சுவிட்சும் பசைக்குள் புதைந்திருந்தது. வயரின் மறுமுனை சுவரில் எங்கேயும் போகவில்லை. பிளக் கிடையாது, சுவிட்ச் கிடையாது. நேரே இன்வெர்ட்டருக்குள் போயிற்று.

அது அவர்கள் தொழிலில் பழக்கம். குளிரூட்டும் நிலையத்தில் ஒருமுறை யாரோ கால் இடறி ஒரு வயர் கழன்று இரண்டாயிரம் லிட்டர் பால் திரிந்தது. அன்றிலிருந்து கழலக்கூடாத எதையும் பசை ஊற்றி அடைத்துவிடுவார்கள். கடேசன் வீட்டிலும் அப்படியே செய்திருந்தார்.

"இந்தத் தெருவுல கரண்ட் போகாதா?" டீச்சர் கேட்டார்.

"ஏன் போகாது? இந்த வாரமே மூணு தடவை போச்சு. பெரும்பாலும் சாயங்காலந்தான் போகும். தெருவே இருட்டா கிடக்கும். இந்த மூலை மட்டும் ஒரு நொடி நின்னதில்ல டீச்சர்." சொல்லும்போது கடேசனின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

ஒரு தடவை கரண்ட் போயிருந்தால் போதும். கார்டின் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தத் தப்பு ஃபர்ம்வேர் போயிருக்கும். தெருவில் எந்த வீட்டில் இந்தக் கார்டு இருந்திருந்தாலும் திங்கட்கிழமையே படம் வந்திருக்கும். பதினொரு தடவை அவர் அணைத்தது திரையை. பதினொரு தடவையும் அந்தப் பச்சைப் புள்ளி கார்டைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் டிரைவர் வந்து பார்த்திருக்கிறது, சூடாகத்தான் இருக்கிறது, இதற்கு எல்லாம் தெரியும், ஓத வேண்டியதில்லை என்று போய்விட்டிருக்கிறது.

"மெயினை அணைங்க. அப்புறம் இதை" என்று டீச்சர் இன்வெர்ட்டரைக் காட்டினார்.

மணி ஐந்து எட்டு.

கடேசன் வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. இன்வெர்ட்டர் மட்டும், நான் இருக்கிறேன் என்பதுபோல் இன்னும் கொஞ்சம் சத்தமாக உறுமியது.

அவர் அதன் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். முன்பக்கம் ஒரு பொத்தான். விரலை வைத்தார். அழுத்தவில்லை.

"இது அவளுக்கு வாங்கினது டீச்சர்."

டீச்சர் பொத்தான்மேல் இருந்த விரலைப் பார்த்தார்.

"மூச்சு மிஷினுக்கு. ஆறு மாசம். யாரும் தெரியாம கைபட்டு அணைச்சிரக்கூடாதுன்னு சுவிட்சு இல்லாமலே இழுத்தேன். ஒரு நொடி நிக்கலை. கடைசி நிமிஷம் வரைக்கும் ஓடிச்சு." மற்றக் கையால் பேட்டரியின் தூசியைத் துடைத்தார். "அதுக்கப்புறமும் ஓடிச்சு. நான் அணைக்கலை. இந்தக் கம்ப்யூட்டரை எடுத்து அந்த வயர்ல மாட்டிட்டேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"இன்னொண்ணு சொல்லணும். இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்திருக்கா. அவ குரலை நெனச்சுப் பாத்தா வரமாட்டேங்குது. கடைசி ஆறு மாசக் குரல்தான் வருது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவுல ஒரு வார்த்தை. பின்னாடி இந்த மிஷின் சத்தம். முன்னாடி எப்படிப் பேசுவான்னு எவ்வளவு முட்டினாலும் இதான் வந்து நிக்குது. அதுக்குத்தான் டீச்சர் இன்னைக்கு."

டீச்சர் தரையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அணைச்சிட்டு, மறுபடி வரலைன்னா?"

"இப்ப வருதாண்ணே?"

கடேசன் பொத்தானை அழுத்தினார்.

உறுமல் நின்றது.

அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. குழாயடியில் சொட்டும் தண்ணீர். எதிர்வீட்டில் யாரோ உளுந்து புடைக்கும் சத்தம். தன் மூச்சு.

பெட்டிக்குள் அந்தப் பச்சைப் புள்ளி இன்னும் எரிந்தது.

"கரண்ட்தான் இல்லையே டீச்சர்?"

"மிச்சம் இருக்கு. கம்ப்யூட்டர் பட்டனை அமுக்குங்க."

கரண்ட் இல்லாத கம்ப்யூட்டரின் பொத்தானைக் கடேசன் அழுத்தினார். விசிறி பாதிச் சுற்றுச் சுற்றியது. நின்றது. பச்சை மங்கியது. மங்கி, ஒரு ஊசிமுனையாகி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டது.

கடேசன் இதைப் போல ஒன்றை முன்னால் பார்த்திருக்கிறார். கையைக் கூப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் டீச்சர்?"

"அது மறக்கிற வரைக்கும்."

ஐந்து பதினாறு. பதினேழு. பதினெட்டு.

கடேசன் எழுந்திருக்கப் பார்த்தார். டீச்சர் திரும்பவில்லை. அவர் மறுபடி உட்கார்ந்தார். இருபது. தலைக்கு மேலே அது விழுந்துகொண்டிருக்கிறது, இங்கே இரண்டு பேர் அணைந்த பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. இருபத்திரண்டு.

டீச்சர் எழுந்து வாசலுக்குப் போய் மெயினைப் போட்டார்.

இன்வெர்ட்டரைப் போடக் கடேசனின் கை தானாக நீண்டது. மணியைப் பார்த்தார். மெயின் இருக்கிறவரை இன்வெர்ட்டர் அணைந்திருந்தாலும் அதன் வழியே கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகும். கை திரும்பிக் கம்ப்யூட்டர் பொத்தானுக்கு வந்தது.

வெள்ளை எழுத்துகள் ஓடின. கடேசன் வாய்விட்டுப் படித்தார். வட்டு சரி. நினைவகம் சரி. வலைத் தொடர்பு சரி. டிரைவர் ஏறியது.

அப்புறம், மூன்று வாரமாக அவர் பார்த்திராத ஒரு வரி.

கார்டு குளிர்ந்த நிலையில் இருக்கிறது.

அதற்கு அடுத்த வரி. ஃபர்ம்வேர் ஏற்றப்படுகிறது.

கடேசன் திரைக்கு இன்னும் நெருங்கினார். ஒன்றும் தெரியாமல் பிறந்தது ஒன்று அந்தப் பெட்டிக்குள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நொடி. இரண்டு.

ஏறியது.

சிக்னல் அளவு பூஜ்யத்திலிருந்து அசைந்தது. எட்டு. முப்பது. எழுபத்தொன்று.

படம்.

சேனலின் பெயர், ஒரு நெற்கதிர், பழைய நாதஸ்வரம். முதலில் சதுரம் சதுரமாக உடைந்தது. பிறகு ஒட்டிக்கொண்டது. நிறம் வெளுத்த ஒரு வயல். குனிந்த பத்துப் பதினைந்து முதுகுகள். வரப்பில் குடை பிடித்த ஓர் ஆள் கையில் மைக்கோடு நின்றார்.

"எது அவங்க?" டீச்சர் கேட்டார்.

கடேசனுக்குத் தெரியவில்லை. எல்லா முதுகும் ஒன்று போல இருந்தது. பதிவு செய்யும் பொத்தானை எட்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். கீபோர்டில் மேல் வரிசை, இடமிருந்து ஏழாவது. அழுத்த வேண்டுமென்றால் கீழே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் இரண்டு நொடி போய்விடும்.

அவர் கீழே பார்க்கவில்லை.

நாள் முழுக்கக் குனிந்து நட்டால் முதுகு வலிக்காதா என்று குடைக்காரர் கேட்டார்.

மூன்றாவது முதுகு நிமிர்ந்தது. இடது கையில் ஒரு கட்டு நாற்று முடி. கன்னத்தில் சேறு. இருபது வயசு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குடையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், சிரித்தாள்.

"நல்லாக் கேட்டீங்க சார். குடைய மடக்கி வச்சிட்டு இறங்குங்க. ரெண்டு முடி நடுங்க. அப்புறம் நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க."

வரப்பு தாண்டி நிற்பவனைக் கூப்பிடுகிற குரல். மூச்சு ஒரு இடத்தில்கூட இடறவில்லை. மற்ற முதுகுகள் எல்லாம் குலுங்கின. குடைக்காரரும் சிரித்துவிட்டார். அவள் அவரை இன்னும் விடவில்லை. வேட்டிய மடிச்சுக் கட்டுங்க சார், பொண்ணு குடுத்த வீடா இது, என்று ஆரம்பித்தாள்.

கரண்ட் போயிற்று.

திரை இருண்டது. மின்விசிறி நின்றது. தெருவில் எல்லா வீடும் ஒரே நேரத்தில் அடங்கியது. இந்த வீடும்.

டீச்சர் சட்டென்று இன்வெர்ட்டர் பக்கம் குனிந்தார். "போட்டுரட்டுமாண்ணே? ரெண்டே நிமிஷத்துல மறுபடி கிளம்பிரும். ஆறு மணி வரைக்கும் இருக்கு."

கடேசன் இருண்ட திரையைப் பார்த்தபடியே கையை உயர்த்தினார்.

"இருங்க டீச்சர். காதுல இன்னும் பேசிக்கிட்டு இருக்கா."